டான்சில் எடுத்த ஆறாம் நாள் வாயில் ரத்தம்: ஈஎன்டி டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் என்ன செய்வது?

மலையடிவாரம் கேட்டது:

வணக்கம். தாலுகா ஜிஹெச், இரவு டியூட்டி. இங்கே ஈஎன்டி டாக்டர் கிடையாது. மயக்க மருந்து டாக்டர் அழைத்தால்தான் வருவார், அதுவும் பெரும்பாலும் சிசேரியனுக்கு. மருத்துவக் கல்லூரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மே லீவில் பெரிய ஊரில் டான்சில் எடுத்துவிட்டு, மூன்றாம் நாளே சொந்த ஊருக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாள், ஏழாம் நாள் ராத்திரி "எச்சில்ல ரத்தம் வருது சிஸ்டர்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பாதிப் பேருக்கு இங்கே வந்து சேரும்போது ரத்தம் நின்றிருக்கும். அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

நின்றுவிட்ட ரத்தத்தை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வது? நிற்காமல் வந்தால் 108 புறப்படும் வரை நாங்கள் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது? "உறைந்த கட்டியை எடுத்துவிட்டு காஸ் துணி வைத்து அழுத்து" என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை வார்டில் செய்ய முடியுமா? ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஊசி 18 கிலோ பிள்ளைக்கு எத்தனை மி.லி.? இன்னொன்று, தொண்டையில் இருக்கும் வெள்ளைப் படலத்தைக் காட்டி "சீழ் பிடிச்சிருக்கு, ஊசி போடுங்க" என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

---

செவிக்குழல் (ஈஎன்டி):

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான் சிஸ்டர். வீட்டுக்கு அனுப்பாதீர்கள். டான்சில் எடுத்த 14 நாளுக்குள் புது ரத்தம் வாயில் வந்தது என்றால், அது நின்றிருந்தாலும், ஒரு ஸ்பூன் அளவே இருந்தாலும், ஈஎன்டி உள்ள இடத்தில் 24 மணி நேரமாவது அட்மிஷன். பெரிய ரத்தப்போக்கு வருவதற்கு முன் சில மணி நேரம் அல்லது ஒரு நாள் முந்தி சின்னதாக ஒன்று வந்து நிற்பது அடிக்கடி நடப்பது. பிள்ளை சிரிக்கிறது, விளையாடுகிறது என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஏன் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்றால்: டான்சில் இருந்த குழி ஆபரேஷனுக்குப் பிறகு திறந்த புண். அதில் தையல் கிடையாது, மேலே தோலும் கிடையாது. ஒரு நாளிலேயே அதன்மேல் வெள்ளையாக, பிறகு மஞ்சள் கலந்து ஒரு படலம் படியும். முழங்காலில் சிராய்த்தால் பொருக்கு கட்டுகிறதே, அதேதான்; தொண்டை எப்போதும் ஈரமாக இருப்பதால் பொருக்கு கறுப்பாகக் காயாமல் வெள்ளையாக ஊறிக் கிடக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இது உரிந்து விழும். அடியில் ரத்தக் குழாயின் வாய் இன்னும் மூடாமல் இருந்தால், உரியும்போது அது திறந்துகொள்கிறது. பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட்டால் சீழ் என்ற பயமும் போகும். வாய் நாற்றமும் அந்தப் படலத்தால் வருவதுதான்.

முதல் 24 மணி நேரத்தில் வருவது வேறு கதை. அது ஆபரேஷனோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: முடிச்சு நழுவியது, மயக்கம் தெளியும்போது இருமி பிபி ஏறியது, ரத்தக் குழாய் சுருங்குவதற்காகப் போட்ட அட்ரினலின் வேகம் தணிந்தது, குழியின் அடிமுனையில் டான்சில் துணுக்கு மிச்சமிருந்தது. குழியின் பக்கச் சுவரில் இறங்கும் ஒரு சிரை இருக்கிறது, அதுதான் பழைய குற்றவாளி. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆபரேஷன் செய்த இடத்திலேயே இருப்பார்கள். உங்களிடம் வருவது இரண்டாவது வகை, அதாவது 24 மணி நேரத்துக்குப் பிறகு படலம் உரியும்போது வருவது.

எவ்வளவு பேருக்கு வருகிறது? இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-2004இல் சுமார் 34,000 ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார்கள். 100க்கு மூன்று நான்கு பேருக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் வந்தது. மீண்டும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது 100க்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவு. சிறு பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு அதிகம். திரும்பத் திரும்பப் பழுத்த டான்சிலை எடுத்தவர்களுக்கு, குறட்டைக்காக எடுத்தவர்களைவிட அதிகம். ஆனால் பெரியவர் துப்பிவிடுவார். பிள்ளை விழுங்கிவிடும். வயிறு நிறைந்த பிறகு ஒரேயடியாக வாந்தி எடுக்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

கட்டியை எடுப்பது பற்றி. புத்தகம் சொல்வதில் தப்பில்லை. குழியில் கட்டி உட்கார்ந்திருந்தால் அடியில் உள்ள தசை சுருங்க முடியாது, ரத்தக் குழாயின் வாயும் மூடாது. அதனால் கட்டிக்கு அடியிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த வரி எழுதப்பட்டது பக்கத்தில் தியேட்டரும் சக்‌ஷனும் (உறிஞ்சும் கருவி) மயக்க மருந்தும் தயாராக இருப்பவருக்கு. உங்கள் இடத்தில், ரத்தம் வராத பிள்ளையின் குழியில் ஈரல் துண்டு மாதிரி ஒரு கருஞ்சிவப்புக் கட்டி தெரிந்தால், அதைத் தொடாதீர்கள். எடுத்த நொடியில் பீறிட்டால் உங்களிடம் அடுத்த படி இல்லை.

பார்ப்பதும் ஒரே ஒரு தடவை. அம்மா மடியில் உட்காரவைத்து, வெளிச்சம் நேராக அடித்து, நாக்கின் முன்பாதியை மட்டும் மெல்ல அழுத்தி, வலமா இடமா, கசிவா கட்டியா வெறும் படலமா என்று பார்த்து எழுதிவையுங்கள். பின்நாக்கைத் தொட்டால் குமட்டும். குமட்டினால் நின்றது மறுபடி தொடங்கும்.

காஸ் அழுத்தம்: பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், வாயைத் திறந்து ஒத்துழைப்பவர், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மட்டும். 1 மி.லி. அட்ரினலின் ஆம்பியூலை 9 மி.லி. சலைனில் கலந்து காஸை நனைத்து நன்றாகப் பிழிந்து, மகில் ஃபோர்செப்ஸில் (வளைந்த நீள இடுக்கி) இறுகப் பிடித்து, காஸின் வால் வாய்க்கு வெளியே நீளமாகத் தொங்க, குழியின் பக்கச் சுவரை நோக்கி, அதாவது காது இருக்கும் திசையில் அழுத்த வேண்டும். பின்பக்கம் தள்ளினால் வாந்திதான் வரும். ஐந்து நிமிடம் விடாமல். ஆறு வயதுப் பிள்ளையைப் பிடித்து அமுக்கி இதைச் செய்தால் அது அலறி, கடித்து, ரத்தத்தை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொள்ளும். வேண்டாம்.

---

தூக்கமருந்து (மயக்கவியல்):

மேலே சொன்னதற்குத் துணையாக, லைனும் மருந்தும் பற்றி.

18 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தம் கிலோவுக்கு சுமார் 75 மி.லி. வீதம் 1,350 மி.லி. பத்தில் ஒரு பங்கு 135 மி.லி., ஒரு காபி டம்ளர்கூட முழுதாக ஆகாது. பெரியவருக்கு அந்த அளவு ஒன்றுமே இல்லை. பிள்ளைக்கு அதிலிருந்தே பல்ஸ் ஏறத் தொடங்கும். பிபியை நம்பாதீர்கள். பிள்ளைகள் கால் பங்கு ரத்தம் போகும்வரை பிபியைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரே சரிவாக விழுவார்கள். அழாமல் இருக்கும்போதே பல்ஸ் 130க்கு மேல், நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல், கை கால் சில்லிப்பு, காரணமில்லாமல் சோர்வு அல்லது எரிச்சல்: இவற்றில் இரண்டு இருந்தாலே ஷாக் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது) தொடங்கிவிட்டது என்று வைத்து வேலையை ஆரம்பியுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு பிபியின் மேல் எண் (சிஸ்டாலிக்) 82க்குக் கீழே போவது கடைசிக் கட்டம்.

ஹீமோகுளோபினும் ஏமாற்றும். ரத்தம் போன உடனே எடுத்தால் பழைய எண்ணிக்கைதான் வரும். உடம்பு தண்ணீரை இழுத்து நீர்த்த பிறகுதான் குறையும். முதல் ரிப்போர்ட் 11 என்று பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது.

வென்ஃப்ளான் (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழல்) இரண்டு. நீலம், கிடைத்தால் அதைவிடப் பெரிய பிங்க். ரத்தம் ஓடவில்லை என்றாலும் ஒன்றாவது வந்த உடனே போட்டுவிடுங்கள். நரம்பு அமுங்கிய பிறகு தேடுவது வேதனை. போடும்போதே ரத்தம் எடுத்து குரூப்பிங், கிராஸ் மேட்ச், சிபிசி, முடிந்தால் புரோத்ராம்பின் டைம், ஏபிடிடி (ரத்தம் உறையும் டெஸ்ட்கள்). குரூப் எழுதிய சீட்டு பிள்ளையோடு போனால் அங்கே அரை மணி நேரம் மிச்சம்.

ஷாக் இருந்தால் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) அல்லது சலைன் கிலோவுக்கு 10 மி.லி., ஆக 180 மி.லி., பத்துப் பதினைந்து நிமிடத்தில். மறுபடி பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 180. மூன்றாவதாகத் தண்ணீர் ஓட்டுவதைவிட ரத்தம் ஏற்றுவது நல்லது. டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தை இதற்கு வேகமாக ஓட்டக் கூடாது.

டிரானெக்சாமிக்: கிலோவுக்கு 15 மி.கி., 18 கிலோவுக்கு 270 மி.கி. கடையில் கிடைக்கும் 5 மி.லி. ஆம்பியூலில் 500 மி.கி. இருக்கும், அதாவது 1 மி.லி.யில் 100. எனவே 2.7 மி.லி. அதை 50 மி.லி. சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஓட்டுங்கள். சிரிஞ்சில் நேராக வேகமாகத் தள்ளினால் பிபி சரியும். டான்சில் ரத்தப்போக்குக்கென்று இதற்குப் பெரிய சோதனைகளின் பலம் கிடையாது. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டோம் என்பதால் அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஊசி ஓட்டையை அடைக்காது, உறைந்த கட்டி கரையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வாய்வழி எதுவும் கூடாது. "ஐஸ் தண்ணி குடுங்க நின்னுரும்" என்று யாராவது சொல்வார்கள். துப்பத் தெரிந்த பிள்ளை குளிர்ந்த தண்ணீரால் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று கேட்டு எழுதுங்கள். ஏற்கெனவே வயிறு முழுக்க ரத்தம் இருக்கிறது. அதன்மேல் பால் வேறு சேர்ந்தால் எங்களுக்கு நரகம்.

அது ஏன் என்றால், இந்தப் பிள்ளைக்கு மயக்கம் கொடுப்பது முதல் ஆபரேஷனுக்குக் கொடுத்ததைப் போல் அல்ல. நிறைந்த வயிறு, குறைந்த ரத்தம், வீங்கிய தொண்டை, மூச்சுக் குழாய் போடும் இடம் தெரியாமல் நிரம்பும் சிவப்பு. சக்‌ஷன் இரண்டு தயாராக வேண்டும், ஒன்று கட்டியில் அடைத்துக்கொண்டால் மற்றது. வயதுக்குரிய குழாயோடு அதைவிட அரை அளவு சிறியதும் கையருகே. வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் (குரல்வளையைப் பார்க்கும் கேமரா கருவி) கண்ணாடியில் ஒரு துளி தெறித்தால் திரை முழுக்கச் சிவப்பு, ஆகவே சாதா பிளேடும் பக்கத்தில். வேகமாகத் தூங்கவைத்து வேகமாகக் குழாய் போடும் முறை. மயக்க மருந்தின் அளவு வழக்கத்தைவிடக் குறைவு, இல்லாவிட்டால் தூங்கிய கையோடு பிபி காணாமல் போகும். சிசேரியனுக்கு வரும் டாக்டரை அழைத்து, ஈஎன்டி இல்லாமல் "குழாயாவது போட்டுவிடுங்கள்" என்று கேட்பது, மூச்சுப்பாதை உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தால் மட்டும் சரி. மற்றபடி சீக்கிரம் கிளப்புங்கள்.

வண்டியில் விழித்திருக்கும் பிள்ளை அம்மா மடியில் முன்சாய்ந்து உட்கார வேண்டும், முகவாய்க்குக் கீழே ட்ரே. மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்ட்ராப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அதைத் தடுங்கள். அரை மயக்கமாக இருந்தால் இடது பக்கம் ஒருக்களித்து, தலை சற்றுத் தாழ்ந்து, சக்‌ஷன் கையில். ஆக்சிஜன் மாஸ்க்கை இறுகக் கட்டாமல் முகத்தருகே பிடிக்கச் சொல்லுங்கள். கட்டினால் வாயில் வருவது தெரியாது.

---

மலையடிவாரம்:

ரொம்ப நன்றி டாக்டர், ரெண்டு பேருக்கும். மகில் ஃபோர்செப்ஸ் ட்ராலியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கிறேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொப்பளிக்கச் சொல்வதுண்டா? இங்கே பழைய ஆள் ஒருவர் அதைத்தான் முதலில் சொல்வார். அப்புறம், ராத்திரி நின்றுபோன பிள்ளையை, மழையில் பாதை அடைபட்டு காலைவரை இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டிவந்தால் எதைக் கவனிப்பது? தூங்குகிற பிள்ளையை மணிக்கொருதரம் எழுப்பி வாயைத் திறக்கச் சொல்ல முடியாதே.

---

எட்டாம்நம்பர் வார்டு (சிஸ்டர், ஈஎன்டி வார்டு):

எழுப்ப வேண்டாம் சிஸ்டர். கழுத்தைப் பாருங்க.

தூங்குற பிள்ளை அடிக்கடி விழுங்காது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிச்சு, தொண்டைக்குழிக்கு மேல குரல்வளை ஏறி இறங்குதான்னு ரெண்டு நிமிஷம் எண்ணுங்க. சும்மா தூக்கத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வரலாம், வராமலும் போகலாம். நிமிஷத்துக்கு மூணு நாலு தடவை மடக் மடக்னு விழுங்குச்சுன்னா உள்ள கசியுது. வாய் துடைச்சா சுத்தமா இருக்கும், தலையணையில ஒரு பொட்டுகூட இருக்காது. ஏமாந்துடக் கூடாது. அப்ப எழுப்பிப் பாருங்க.

பக்கவாட்டில் படுக்கவைங்க, தலையணை தலைக்கு வேண்டாம், முதுகுக்குப் பின்னாடி வைங்க மல்லாந்துடாம இருக்க. கன்னத்துக்குக் கீழே வெள்ளைத் துண்டு. கலர் துண்டுல ரத்தம் தெரியாது. பல்ஸ் கால் மணிக்கொருதரம் ஒரு மணி நேரம், அப்புறம் அரை மணிக்கொருதரம், எழுதிக்கிட்டே வாங்க. ஒரு தடவை 118ங்கிறது பெரிசில்ல. 96, 104, 118, 126னு படியேறுதுன்னா அதுதான் சேதி. பிள்ளை தூங்குது, காய்ச்சல் இல்ல, வலியில அழல, அப்புறம் பல்ஸ் ஏன் ஏறணும்?

வாந்தி வந்தா நிறம் பாருங்க. காபித்தூள் கரைச்ச மாதிரி கறுப்பா இருந்தா முன்னாடி விழுங்கின பழைய ரத்தம். சிவப்பா, கட்டி கட்டியா இருந்தா இப்ப ஓடுது. ஆனா கேட்டுக்கங்க, அதுக்கு முன்னாடி ரோஸ்மில்க், மாதுளை ஜூஸ், சிவப்பு கலர் ஐஸ் எதாவது குடுத்தாங்களான்னு. அதனாலதான் எங்க டிஸ்சார்ஜ் சீட்டுலயே 14 நாளைக்குச் சிவப்புக் கலர்ல எதுவும் வேண்டாம்னு எழுதறது. பீட்ரூட்டும் சேத்தி.

ஊருக்குப் போற பெற்றோர்கிட்ட நாம சொல்லாம விடறது ரெண்டு. முதலாவது, ஐந்தாம் ஆறாம் நாள் வலி குறையாது, கூடும். படலம் உரியற நாள் அது. வலி காதுல தெரியும், ஏன்னா தொண்டைக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு போகுது. அதைக் காதுவலின்னு நினைச்சு எண்ணெய் காய்ச்சி ஊத்தறாங்க. ரெண்டாவது, வலிக்குதேன்னு பிள்ளை குடிக்காது, சாப்பிடாது. தொண்டை காயும், படலம் வறண்டு இழுக்கும். பாராசிட்டமால் குடுத்து அரை மணி கழிச்சு ஊட்டச் சொல்லுங்க. ஆறின ரசஞ்சாதம் காரமில்லாம, தயிர்சாதம், பாலில் ஊறின இட்லி, இளநீர், ஐஸ்கிரீம். "சளி பிடிக்கும்"னு பாட்டி தடுப்பாங்க. இந்தப் பதினாலு நாள் பாட்டி பேச்சு வேண்டாம். முறுக்கு, அப்பளம், மொறுமொறு தோசை ஓரம், சுடச்சுட மிளகு கஷாயம் கிட்டவே கூடாது. விரல் விட்டு மஞ்சள் தடவறது, உப்புத் தண்ணியை அடித்தொண்டையில வச்சுக் கரகரன்னு கொப்பளிக்கறது, ரெண்டும் படலத்தைப் பிய்க்கும்.

---

செவிக்குழல்:

சிஸ்டர் சொன்ன விழுங்கும் எண்ணிக்கை, எந்த மானிட்டரையும்விட முன்னால் சொல்லிவிடும்.

பெராக்சைடு: பெரியவர்களுக்கும் நன்றாகத் துப்பத் தெரிந்த வளர்ந்த பிள்ளைகளுக்கும், லேசான கசிவுக்கு மட்டும் சில இடங்களில் கொடுக்கிறார்கள். நுரைத்து, கட்டியைத் தளர்த்தி, வாயைச் சுத்தம் செய்கிறது. கடையில் வாங்கும் புட்டி பெரும்பாலும் 6 சதவீதம், அதை அப்படியே வாயில் விட்டால் புண்ணாகிவிடும். லேபிளைப் படித்து, 3 சதவீதத்துக்கும் கீழே வரும்படி நன்றாக நீர்க்க வேண்டும். ஆறு வயதுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் வயிற்றில் வாயு பொங்கி வாந்தி வரும். அந்தப் பழைய ஆளிடம் அதை மூன்றாவது, நான்காவது இடத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் கேள்வி விட்டுப்போயிற்று. தொற்றுதான் இரண்டாம் வகை ரத்தத்துக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, ரத்தப்போக்கு அதனால் குறையவில்லை. அமெரிக்க ஈஎன்டி சங்கத்தின் 2019 வழிகாட்டியும் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்காதீர்கள் என்கிறது. நம் ஊரில் இன்னும் எழுதுகிறோம், அது வேறு விஷயம். ரத்தம் வந்து அட்மிட் ஆன பிள்ளைக்குக் காய்ச்சல், குழியைச் சுற்றிச் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம் இருந்தால் ஊசி போடுவது நியாயம். வெள்ளைப் படலத்துக்காக மட்டும் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

---

மருந்துச்சீட்டு (பார்மசி):

பாராசிட்டமால் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடறோம், அளவுதான் வீட்டில் தப்பாகிறது. கிலோவுக்கு 15 மி.கி., 18 கிலோவுக்கு 270 மி.கி., ஆறு மணிக்கொருதரம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 5 மி.லி.யில் 250 இருக்கும் சிரப்பில் இது 5.4 மி.லி., 120 இருக்கும் சிரப்பில் கிட்டத்தட்ட 11 மி.லி. கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி.; அதை "ஒரு ஸ்பூன்" ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். மூன்று புட்டியும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்கலாம். மி.லி. கோடு போட்ட சிரிஞ்சைக் கையில் கொடுத்து, கோட்டில் பேனாவால் குறித்து அனுப்புங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம்.

ஆஸ்பிரின் கலந்த எதுவும் கூடாது: பிளேட்லெட்டை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கும், பிள்ளைகளுக்கு ரேய் சிண்ட்ரோம் (மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய்) ஆபத்து வேறு. நிமெசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011இலேயே தடை. கோடீன் உள்ள இருமல் சிரப்பும் வேண்டாம். சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுவதால், டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு நின்று இறப்புகள் நேர்ந்து, அமெரிக்க மருந்துத் துறை 2013இல் கடும் எச்சரிக்கை போட்டது.

இபுபுரூஃபன் என்ற வலி மருந்து பற்றி இரண்டு கருத்து உண்டு. கடையில் அதிகம் போவது அதுவும் பாராசிட்டமாலும் கலந்த சிரப். அதைக் கொடுத்துவிட்டு மேலே தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்தால் அளவு இரட்டிக்கும்.

---

செவிக்குழல்:

இபுபுரூஃபன் விஷயம் உண்மையிலேயே தீர்ந்தபாடில்லை. 2019 வழிகாட்டி வலிக்கு இபுபுரூஃபன், பாராசிட்டமால் அல்லது இரண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதே 2019இல் வெளிவந்த, 741 பிள்ளைகளைக் கொண்ட சோதனையில், தியேட்டருக்குத் திரும்ப வேண்டிய ரத்தப்போக்கு பாராசிட்டமால் பிரிவில் 1.2 சதவீதம், இபுபுரூஃபன் பிரிவில் 2.9. "இபுபுரூஃபன் மோசமில்லை" என்று நிரூபிக்கப் போட்ட சோதனை, அதை நிரூபிக்க முடியாமல் முடிந்தது. எடுத்த ஊரிலேயே இருக்கும் பிள்ளைக்கு, பாராசிட்டமாலில் வலி அடங்காமல் சாப்பாடே இறங்கவில்லை என்றால் நான் எழுதுவேன். ஒன்றரை மணி நேர தூரத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுத மாட்டேன். ரத்தம் வந்த பிள்ளைக்கு அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

---

திண்ணைப்பேச்சு:

நடுவில் ஒரு கேள்வி. பிள்ளைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கோப்லேஷன் (குறைந்த சூட்டில் மின்சக்தியால் சதையைக் கரைத்து எடுப்பது) என்ற முறையில் செய்தால் ரத்தமே வராது என்கிறார்கள், செலவு அதிகம். உண்மையா? ரத்தம் உறையும் டெஸ்ட் நார்மல் என்று வந்துவிட்டது.

---

செவிக்குழல்:

ஆபரேஷன் மேஜையில் ரத்தம் குறைவு, முதல் நாள் வலியும் கொஞ்சம் குறைவு, அது சரி. இரண்டாம் வகை ரத்தம் வராது என்பது சரியல்ல. மேலே சொன்ன இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் சூடு படாமல் எடுத்து நூலால் கட்டிய முறையில்தான் மிகக் குறைவு. கரண்ட் வைத்துச் சுட்ட முறைகளிலும் கோப்லேஷனிலும் கூடுதல். சூடு ஆழமாக இறங்கினால் கருகிய படலமும் கனமாக இருக்கும், அது உரியும் நாள்தான் பிரச்சினை. குறட்டைக்காக என்றால், உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். பின்னால் ரத்தம் வருவது குறைவு. சிலருக்கு மிச்சச் சதை மறுபடி வளரலாம். கருவியைவிடக் கை முக்கியம் என்பதால், உங்கள் டாக்டர் எதில் பழகியவரோ அதில் செய்யட்டும்.

டெஸ்ட் நார்மல் என்பதில் ஒரு ஓட்டை. விரலில் குத்தி எடுக்கும் பிடி, சிடி இரண்டும் (ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம்) இங்கே வழக்கத்தால் எடுக்கப்படுபவை. லேசான வான் வில்லிபிராண்ட் நோயில் (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) இவை நார்மலாகவே வரலாம், ஏபிடிடிகூட நார்மலாக வரலாம். கேள்விகள்தான் அதிகம் பிடித்துத் தரும்: பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்ததுண்டா, பால்பல் விழுந்தபோது எவ்வளவு நேரம் கசிந்தது, சுன்னத் செய்திருந்தால் அப்போது என்ன ஆயிற்று, அடிபடாமலே நீலம் பாய்கிறதா. அம்மாவுக்கு மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டி ஓடுமா, பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா. அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன் உறவா. நம் பக்கத்தில் இந்தக் கடைசிக் கேள்வியைக் கூசாமல் கேட்க வேண்டும். உறவுக்குள் கல்யாணத்தில் பிளேட்லெட் வேலை செய்யாத அரிய வகைகள் வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது, எண்ணிக்கை நார்மலாக இருந்தாலும். ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் ரத்தவியல் டாக்டரைப் பார்த்த பிறகே தேதி.

இன்னொன்று: ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருங்கள். குலதெய்வம் கோயில், கல்யாணம், குற்றாலம் எல்லாம் மூன்றாவது வாரத்துக்கு.

---

மலையடிவாரம்:

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ட்ராலியில் ஒட்டிவைக்கிறேன். கடைசியாக ஒன்று. மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்தால் "அனுப்புங்க" என்று வைத்துவிடுகிறார்கள். பிள்ளை போய்ச் சேர்ந்தபின் அங்கே மறுபடி முதலிலிருந்து கேள்வி. எதைச் சொன்னால் தியேட்டரைத் தயார் செய்வார்கள்?

---

தூக்கமருந்து:

கேஷுவால்டிக்குப் போன் செய்யாதீர்கள். ஈஎன்டி டியூட்டி டாக்டரையும் மயக்க மருந்து டியூட்டி டாக்டரையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். முதல் வாக்கியத்திலேயே "டான்சில் எடுத்து ஆறாம் நாள், 18 கிலோ, இப்போது ரத்தம் ஓடுகிறது" அல்லது "நின்றிருக்கிறது, வலது குழியில் கட்டி" என்று ஆரம்பியுங்கள். "வாயில் ரத்தம்" என்று தொடங்கினால் பல்லாக இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு பல்ஸ் முதலில் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை மி.லி. ட்ரிப் போயிற்று, டிரானெக்சாமிக் எத்தனை மணிக்கு, ரத்த குரூப், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வாந்தி எத்தனை தடவை, வண்டி புறப்படும் நேரம். யாரிடம் பேசினீர்கள் என்ற பெயரையும் நேரத்தையும் ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள், அது மாயம் செய்யும்.

முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி பெற்றோரின் போனில் படமாக இருக்கும். எந்த முறையில் எடுத்தார்கள், எந்த அளவு குழாய் போட்டார்கள், மயக்கத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்பது அதில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. வாட்ஸப்பில் முன்னாடியே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், பிள்ளை துப்பிய, வாந்தி எடுத்த ட்ரேயைக் கழுவி வைத்துவிடுவது வழக்கம். கழுவாதீர்கள். ஒரு பாலித்தீன் கவரில் கட்டி வண்டியில் வையுங்கள். "நிறைய வந்தது" என்று வாயால் சொல்வதைவிட, அதைப் பார்த்தால் ரத்த வங்கிக்கு எத்தனை யூனிட் சொல்வது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.